கல்லுக்குத் தெரிந்ததும் தோலுக்குத் தெரிந்ததும்

வேலூர்க் கோட்டையைப் பார்க்கப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே இரண்டு சோதனைகள் செய்துவிடுங்கள். ஒரு சாக்பீஸும் ஒரு பழைய தோல் செருப்பின் வாரும் இருந்தால் போதும்.

சாக்பீஸை மேசைமேல் நிற்க வைத்து, உள்ளங்கையால் மேலிருந்து நேராக அழுத்துங்கள். நன்றாகவே தாங்கும். இப்போது அதன் இரு முனைகளையும் பிடித்து மெல்ல வளையுங்கள். படக்கென்று ஒடியும். அடுத்தது தோல் வார். நிற்க வைத்துப் பாருங்கள், துவண்டு விழும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், அசையாது.

அழுத்தினால் தாங்கும், இழுத்தால் பிரிந்துபோகும்: இது சாக்பீஸின் குணம், கல்லின் குணமும் இதுதான். தோலுக்கு நேர் எதிரான குணம். பள்ளிப் புத்தகத்தில் அழுத்துவதை அமுக்கவிசை என்றும் இழுப்பதை இழுவிசை என்றும் படித்திருப்பீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் பல வீடுகளில் ஒருவராவது ஷூ கம்பெனிக்கோ டேனரிக்கோ வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் நாள் முழுக்கக் கையாளும் பொருள் இழுவிசையைத் தாங்கும் பொருள். அதே பாலாற்றுப் பக்கத்தில், வேலூர் ஊருக்கு நடுவில், அமுக்கவிசையை மட்டுமே நம்பி ஒரு கோட்டை நிற்கிறது.

சாக்பீஸை நாம் வளைத்தோமே தவிர இழுக்கவில்லையே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஒரு நீளமான அழிப்பான் ரப்பரின் பக்கவாட்டில், பேனாவால் மேலிருந்து கீழாக நெருக்கமாகக் கோடுகள் போடுங்கள். நடுவில் தொய்கிற மாதிரி அதை வளையுங்கள். மேல் விளிம்பில் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கும். கீழ் விளிம்பில் விலகிப் போகும். வளைகிற எந்தப் பொருளிலும் ஒரு பக்கம் அமுங்குகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. சாக்பீஸ் ஒடிந்தது இழுபட்ட பக்கத்திலிருந்துதான்.

எண்ணில் சொன்னால் இன்னும் தெளிவாக இருக்கும். நல்ல கிரானைட் கல்லில் ஒரு சதுர சென்டிமீட்டரை நசுக்க 1 டன்னிலிருந்து 2 டன் வரை எடை தேவைப்படும். ஒரு விரல் நகம் அளவுள்ள இடத்தில் ஒரு கார் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே கல்லை இழுத்துப் பிரிக்க, அந்த விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதும். தோலோ, நன்றாகப் பதனிட்டதாக இருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குப் பரப்புக்கு 150 கிலோவுக்கு மேல் இழுத்தாலும் தாக்குப்பிடிக்கும். காரணம் கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் முறுக்கிய கயிறாக அது தோல் முழுக்கப் பின்னிக் கிடக்கிறது. பச்சைத் தோலை அப்படியே விட்டால் பாக்டீரியா அந்தக் கயிறுகளைத் தின்று அழுகவைத்துவிடும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள டேனின் அந்த இழைகளோடு ஒட்டிக்கொண்டு அவற்றைக் காப்பாற்றுகிறது. நம் பக்கத்தில் நெடுங்காலம் தோல் பதனிட்டது இந்தப் பட்டையும் காயும்தான். இன்று டேனரிகளில் சுழலும் பெரிய டிரம்களில் பெரும்பாலும் குரோமியம் உப்பு அந்த வேலையைச் செய்கிறது.

சரி, கோட்டைக்குப் போவோம்.

16ஆம் நூற்றாண்டில், விஜயநகர அரசர் சதாசிவராயர் காலத்தில், அவருக்குக் கீழிருந்த சின்ன பொம்மு நாயக்கர் கட்டியது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. 1566 என்று ஆண்டும் சொல்கிறார்கள். பரப்பு 133 ஏக்கர். பிறகு பீஜப்பூர் சுல்தான்கள், மராட்டியர், முகலாயர், ஆங்கிலேயர் என்று கைமாறியது. 1806 ஜூலை 10 அன்று ஆங்கிலேயரை எதிர்த்துச் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தது இங்கேதான். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் சிறைவைக்கப்பட்டு 1832இல் இறந்ததும் வேலூரில்தான். இந்தக் கதைகளை உங்கள் வரலாற்று ஆசிரியர் என்னைவிட நன்றாகச் சொல்வார். நான் கற்களைப் பற்றியே பேசுகிறேன்.

மதிலுக்குப் பக்கத்தில் போய் ஒரு கல்லைக் கிட்டத்தில் பாருங்கள். வெளிறிய துகள், கண்ணாடிபோல் ஒரு துகள், கறுப்பாக மினுக்கும் ஒரு துகள் என்று கலந்திருக்கும். வெளிறியது ஃபெல்ஸ்பார், கண்ணாடி போன்றது குவார்ட்ஸ், மினுக்குவது மைக்கா. பூமியின் ஆழத்தில் உருகிய பாறைக் குழம்பு மிக மெதுவாகக் குளிர்ந்தபோது இந்தப் படிகங்கள் ஒன்றுக்குள் ஒன்று பல் பிடித்து வளர்ந்தன. வேலூரைச் சுற்றி நிற்கும் குன்றுகள் எல்லாம் இந்த மாதிரிப் பழம்பாறைகள்தான். தமிழ்நாட்டின் இத்தகைய பாறைகள் பல 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. டைனோசர்கள் பிறக்கவே இன்னும் 200 கோடி ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம் அது.

இவ்வளவு கடினமான பாறையை வெடிமருந்து இல்லாமல் எப்படிப் பிளந்தார்கள்? நசுக்க முயன்றிருந்தால் தோற்றிருப்பார்கள். அவர்கள் கல்லின் பலவீனத்தைக் கண்டுபிடித்துவைத்திருந்தார்கள். பாறைமேல் ஒரே நேர்க்கோட்டில், சற்று இடைவெளி விட்டு, உளியால் வரிசையாகக் குழிகள் போட வேண்டும். ஒவ்வொரு குழியிலும் ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். காய்ந்த மர ஆப்பாக இருந்தால் அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் போதும். மரத்தின் நார்கள் நீரை உறிஞ்சி உப்பும். உப்பிய ஆப்பு குழியின் இரண்டு பக்கங்களையும் எதிரெதிராகத் தள்ளும். குழிகளுக்கு நடுவே இருக்கும் பாறையின் பார்வையில் அது ஓர் இழுப்பு. இழுப்பு என்றால் கல் தோற்றுவிடும், கோடு போட்ட மாதிரி பிளந்துவிடும். மாமல்லபுரத்தில் பாதியில் விட்ட பாறைகளில் இந்தக் குழி வரிசைகளை இன்றும் பார்க்கலாம். ஒரு பொருள் எங்கே பலம், எங்கே பலவீனம் என்று தெரிந்துவைத்திருப்பதுதான் பொறியியல். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ கல்தச்சர்கள் அதைக் கையாலேயே தெரிந்துவைத்திருந்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை வருகிறது.

பிளந்த கல்லை மதிலில் அடுக்கிவிட்டால் அதற்குக் கவலையே இல்லை. மேலே உள்ள கல் கீழே உள்ளதை அமுக்குகிறது, அவ்வளவுதான். கல்லுக்குப் பிடித்த வேலை அது. வேலூர் வெயிலில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. 100 மீட்டர் நீளமுள்ள கிரானைட் சுவர் 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் கிட்டத்தட்ட ஒன்றரை சென்டிமீட்டர் நீள முயலும். தனித்தனிக் கற்களாக அடுக்கிய சுவரில் இந்த நீட்சி நூற்றுக்கணக்கான இணைப்புகளுக்குப் பிரிந்துபோய்விடுகிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் முடியளவுகூட வராது.

மதிலைச் சுற்றி அகழி. இதில் 10,000 முதலைகள் இருந்தன என்று யாராவது சொல்வார்கள். அது செவிவழிக் கதை. முதலை இல்லாமலே அகழி தன் வேலையைச் செய்யும். பீரங்கிக் காலத்துப் போர்களில், மதிலை நேரே இடிக்க முடியாதபோது, எதிரி நிலத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டி வருவான். மதிலுக்குக் கீழே வெடிமருந்தை வைத்துக் கொளுத்துவான். அடிமண் போனால் எவ்வளவு பெரிய கல்சுவரும் நடுவில் தொய்யும். தொய்ந்தால் என்ன ஆகும் என்று ரப்பரில் பார்த்துவிட்டீர்கள். ஆனால் சுற்றிலும் தண்ணீர் நின்றால், மண்ணுக்கு அடியிலும் ஈரம் ஊறி நிற்கும், தோண்டுகிற சுரங்கத்தில் நீர் புகுந்துவிடும். மதிலின் அடிவாரத்தைக் காத்தது நீர்.

அந்த நீர் சூரியகுண்டம் என்ற ஏரியிலிருந்து நிலத்தடிக் குழாய் வழியாக வந்தது. அன்றைக்கு மோட்டார் கிடையாது. ஏரி மேட்டில், அகழி பள்ளத்தில். உயரமான இடத்து நீர் தாழ்ந்த இடத்து நீரோடு இணைந்தால், இரண்டின் மட்டமும் சமமாகும்வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

வரும் வழி இருந்தால் போகும் வழியும் வேண்டும் அல்லவா? மிகையான நீர் பாலாற்றுக்குப் போக ஒரு பழைய வாய்க்கால் இருந்தது. காலப்போக்கில் அது அடைபட்டுப்போனது. 2021 நவம்பர் மழையில் அகழி நிரம்பியது, வெளியேற வழியில்லாத நீர் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் வந்து நின்றது. பம்பு வைத்து இறைத்தும் எளிதில் வற்றவில்லை. ஏன் என்று யோசியுங்கள். கோயிலில் இறைத்தால் கோயிலின் மட்டம் குறைகிறது, உடனே அகழியின் நீர் அந்தப் பள்ளத்தைத் தேடி வருகிறது. இணைந்த பாத்திரங்களில் ஒன்றை மட்டும் காலி செய்ய முடியாது. கட்டியவர்கள் வெளியேறும் வாய்க்காலையும் சேர்த்தே ஒரு ஏற்பாடாக யோசித்திருந்தார்கள். நாம் பார்க்க அழகான பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பகுதியை மறந்துவிட்டோம். எனக்கு வருத்தமான விஷயம் இது.

கோயிலின் கோபுரத்தைத் தாண்டி உள்ளே போனதும் இடப்பக்கம் கல்யாண மண்டபம். இங்கே நிதானமாக நேரம் செலவிடுங்கள். தூண்களில் யாளிகள் முன்னங்காலைத் தூக்கி நிற்கும், குதிரைகள் பாயும், அவற்றின்மேல் வீரர்கள் இருப்பார்கள். குதிரையின் காலுக்கும் தூணுக்கும் நடுவே கையை விடலாம் போலக் குடைந்திருப்பார்கள். கூரையைத் தாங்கும் தூணை இப்படிக் குடைந்துகொண்டே போனால் விழாதா?

ஒரு கணக்குப் போடுவோம். அரை மீட்டருக்கு அரை மீட்டர் உள்ள சதுரத் தூண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 2,500 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 1 டன் என்றால் அது 2,500 டன் தாங்கக்கூடியது. அதன்மேல் உண்மையில் எவ்வளவு எடை இருக்கும்? தூணுக்குத் தூண் 3 மீட்டர் இடைவெளி என்றால், ஒரு தூணின் பங்குக்கு 3 மீட்டருக்கு 3 மீட்டர் கூரை வரும். கல் பலகை 30 சென்டிமீட்டர் கனம் என்றால் 2.7 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கிரானைட் சுமார் 2.7 டன். ஆக ஏறக்குறைய 7 டன். உத்தரம், மேலே போட்ட செங்கல் சுண்ணாம்புத் தளம் எல்லாம் சேர்த்து 15 டன் என்றே வையுங்கள். தாங்கக்கூடியது 2,500, தாங்குவது 15! தூணில் பாதிக்கு மேல் கல்லைச் செதுக்கி எறிந்தாலும் மிச்சம் இருப்பது ஏராளம். நேராக நின்று எடையை வாங்கும் கல்லுக்குப் பலம் மிதமிஞ்சி இருப்பதால்தான் சிற்பிக்கு அதில் யாளியையும் குதிரையையும் வடிக்கும் சுதந்திரம் கிடைத்தது.

இப்போது நிமிர்ந்து உத்தரத்தைப் பாருங்கள். தூணிலிருந்து தூணுக்குப் படுத்திருக்கும் கல் அது. அதில் குடைந்த குதிரை இருக்காது, மேலோட்டமான செதுக்கல்தான் இருக்கும். படுத்த கல் தன் எடையாலேயே தொய்யப் பார்க்கிறது. அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. அங்கே கல்லுக்குப் பலம் போதாது, கை வைக்கக்கூடாது.

உத்தரத்தின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் ஆபத்து இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். எடை இரட்டிக்கிறது, அந்த எடை தாங்கும் இடத்திலிருந்து இருக்கும் தூரமும் இரட்டிக்கிறது, இரண்டிரண்டு நான்கு. நம் கோயில் மண்டபங்களில் தூண்கள் காடுபோல் நெருங்கி நிற்பதற்குக் காரணம் இந்த நான்குதான். தூணின் தலையில் இருபுறமும் கை நீட்டியதுபோல் ஒரு கல் இருக்கிறதே, அதற்குப் பெயர் போதிகை. அழகுக்கு வைத்தது என்று பலர் நினைப்பார்கள். இரண்டு பக்கமும் 40 சென்டிமீட்டர் நீட்டினால், 3 மீட்டர் இடைவெளி 2.2 மீட்டராகக் குறைகிறது. 2.2ஐ 3ஆல் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்குங்கள். ஏறக்குறைய 0.54. உத்தரத்தின் பாரம் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது!

இந்தக் கோட்டை எழுந்த அதே நூற்றாண்டில், ஜெர்மனியில் நூரம்பர்க் என்ற நகரத்தில் கல்தச்சர்கள் இதே இழுவிசைச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார்கள். அந்த ஊரும் மதில் சூழ்ந்த பழைய ஊர்தான். ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமுள்ள இடைக்கால மதிலில் பெரும்பகுதி இன்னும் நிற்கிறது. சுற்றி அகழி உண்டு, இன்று அதில் நீர் இல்லை, மக்கள் நடந்து போகிறார்கள். ஊருக்கு நடுவே பெக்னிட்ஸ் ஆறு. 1596க்கும் 1598க்கும் இடையில் அதன்மேல் ஒரு கல்பாலம் கட்டினார்கள். பெயர் ஃப்ளைஷ்ப்ரூக்க. நடுவில் தூணே கிடையாது, ஒரே தாவலில் 27 மீட்டர்!

3 மீட்டர் உத்தரத்தை 27 மீட்டருக்கு நீட்டினால் பாரம் 81 மடங்காகும், கல் உடனே ஒடியும். அவர்கள் கல்லைப் படுக்க வைக்கவில்லை. மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் செதுக்கிய கற்களை வில்போல் வளைத்து அடுக்கினார்கள். நடுவில் உள்ள உச்சிக்கல் கீழே விழப் பார்க்கிறது, ஆனால் அகலமான மேற்பகுதி பக்கத்துக் கற்களுக்கு இடையே இறுகிக்கொள்கிறது. ஒவ்வொரு கல்லும் தன் அண்டைக்கல்லைத் தள்ளுகிறது. எங்கும் தள்ளல், எங்கும் அமுக்கம். இழுப்புக்கு இடமே இல்லை.

ஆனால் அந்தத் தள்ளலெல்லாம் கடைசியில் கரையில் போய் முடிய வேண்டும். வில்வளைவு எப்போதும் தன் இரண்டு கால்களையும் வெளிப்பக்கம் உதைத்துக்கொண்டே இருக்கும். ஆற்றங்கரை மண் இளகியது. அதனால் 2,000க்கும் மேற்பட்ட மரக்கட்டைகளை மண்ணுக்குள் அறைந்து அதன்மேல் பாலத்தின் கால்களை ஊன்றினார்கள். சில கட்டைகளை உதைப்பின் திசைக்கு எதிராகச் சாய்த்தே அடித்தார்கள். மரம் மக்கிவிடாதா? நீருக்கடியில் காற்றின் ஆக்சிஜன் எட்டாததால் மரத்தை அரிக்கும் பூஞ்சைகள் வளர முடிவதில்லை. 1945 ஜனவரி 2 அன்று விமானக் குண்டுவீச்சில் நூரம்பர்க்கின் பழைய நகரில் பெரும்பகுதி தரைமட்டமானது. இந்தப் பாலம் நின்றது.

எது சிறந்தது, தூண் காடா, வில்வளைவா? இப்படி ஒரு போட்டியே தேவையில்லை என்பது என் எண்ணம். வில்வளைவு நெடுந்தூரம் தாண்டும், ஆனால் அதன் உதைப்பைத் தாங்கக் கனத்த கரையோ சுவரோ வேண்டும். தூணும் உத்தரமும் குறைந்த தூரமே தாண்டும், ஆனால் பக்கவாட்டில் உதைக்காது, எடை நேரே மண்ணுக்கு இறங்கிவிடும். அதனால்தான் சுவரே இல்லாமல் நாலாபக்கமும் காற்று வரும் மண்டபம் நமக்கு வாய்த்தது. வேலூர் வெயிலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

நூரம்பர்க்கில் ஆம்பூர்ப் பிள்ளைகள் தேட வேண்டிய ஒரு தெருவும் இருக்கிறது, வைஸ்கெர்பர்காஸ. தோல் பதனிடுவோரின் தெரு. ஆவாரம்பட்டைக்குப் பதில் படிகாரத்தை வைத்து வெள்ளைத் தோல் செய்தவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். ஆறு பக்கத்தில்தான், தோலுக்கு எங்கேயும் நீர் நிறைய வேண்டும். நம் பாலாறும் டேனரிக் கழிவின் பாரத்தைச் சுமந்த ஆறுதான். அந்தக் கழிவு பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. நூரம்பர்க்கின் அந்தத் தெருவில் குண்டுவீச்சுக்குத் தப்பிய வீடுகள் மரச்சட்டங்களால் கட்டப்பட்டவை. நேர்ச்சட்டம், குறுக்குச்சட்டம், மூலைவிட்டச் சட்டம் என்று வெளியிலேயே தெரியும், நடுவில் மண்ணோ செங்கல்லோ அடைத்திருப்பார்கள். மரத்துக்கு அமுக்கமும் சம்மதம், இழுப்பும் சம்மதம். அதனால் அந்த வீடுகளின் மேல்மாடிகள் தெருவை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்க முடிகிறது.

கடைசியாக ஒரு பழைய கதை. 1638இல் வெளியான தன் நூலில் கலிலியோ இதைச் சொல்கிறார். ஒரு பெரிய சலவைக்கல் தூணை, இரண்டு முனைகளிலும் கட்டை கொடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். நடுவில் ஒடிந்துவிடுமோ என்று பயந்த ஒருவர், நடுவிலும் ஒரு கட்டை கொடுத்தார். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் தூண் ஒடிந்து கிடந்தது, அந்தப் புதிய கட்டைக்கு நேர் மேலே! முனையில் இருந்த பழைய கட்டை ஒன்று உளுத்து இறங்கிவிட்டது. நடுக்கட்டை இறங்கவில்லை. ஆகவே பாதித் தூண் அந்தரத்தில் தொங்கியது. இந்த முறை இழுபட்டது தூணின் மேற்பக்கம்.

வேலூரில் மட்டுமல்ல, எந்தப் பழைய கோயில் மண்டபத்திலும் விரிசல் விட்ட ஓர் உத்தரமாவது கண்ணில் படும். சிலவற்றுக்குப் பிற்காலத்தில் முட்டுத்தூண் கொடுத்திருப்பார்கள். விரிசல் உத்தரத்தின் நடுவில், அடியில் தொடங்கி மேலே போகிறதா? அப்படியானால் கல் தன் பாரத்தாலோ கூரையின் பாரத்தாலோ தொய்ந்திருக்கிறது. தூணுக்கு நேர் மேலே, உச்சியில் தொடங்கிக் கீழே வருகிறதா? அப்படியானால் பக்கத்துத் தூண்களின் அடியைப் போய்ப் பாருங்கள். ஏதோ ஒன்று மண்ணில் இறங்கியிருக்கக்கூடும். தரைக்கற்களில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் எந்தப் பக்கம் உருள்கிறது என்று அதுவே காட்டும்.